கூட்டுரோட்டில் நம் பக்கத்துப் பச்சை

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கால். பின்னால் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று ஏரிக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தது. கூட்டுரோட்டு நிழற்குடைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே ஓட்டி வந்தவர் காலைத் தரையில் ஊன்றினார். நீல வார் ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலை ஊன்றியபடியே வண்டியை அரைவட்டம் திருப்பி, வந்த வழியே போய்விட்டார். எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் கையில் அட்டையும் பேனாவும் இருந்தன. அவர் ரோட்டின் குறுக்கே போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டவில்லை. அதனால் நான் எதுவும் எழுதவில்லை.

கண்ணு, இந்தக் கடிதத்தைப் படிக்கிற காலத்தில் நீ இப்போதைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். எனக்குப் பத்தொன்பது வயது நடக்கிறது. உனக்கு ஒரு வயது முடிந்து, இந்த மாதம்தான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாய். பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் கல்யாணத்துக்கு முன்னால் எழுதுவார்கள், இல்லை வெளியூர் அனுப்பும்போது எழுதுவார்கள். நான் எழுதுவது நீ நடக்கத் தொடங்கிவிட்டதால். நடக்கத் தெரிந்துவிட்டால் நம் வீட்டிலிருந்து கால்நடையாக வெளியே போக ஒரே வழிதான், அது கூட்டுரோட்டில் போய் முடியும். பால்வாடி மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். தடுப்பூசி போடும் நர்ஸம்மா வந்து உட்காருவதும் அந்தப் பக்கம். தர்மபுரி பஸ் நிற்பதும் அங்கேதான். இந்தப் பக்கம் இருப்பது ஏரியும் வயல்களும் நாமும்தான். நீ வளர்ந்து முடிக்கும் வரை அந்த ரோட்டைக் கடந்துகொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு வாயால் சொல்ல வராது. உன்னிடம்கூட நீ தூங்கும்போதுதான் நிறையப் பேசுகிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

அட்டையும் பேனாவுமாக நின்ற அந்த வேலை எனக்கு வந்த கதையை முதலில் சொல்கிறேன். கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் சரோஜா அக்காதான் உனக்கு வர்க்கியைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பழக்கியவர். அவர் கடைக்கு ஒரு நாள் சேலம் பக்கத்திலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்து டீ குடித்துக்கொண்டே, பத்தாவது வரைக்கும் படித்த, எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மெயின்ரோட்டில் காலையும் மாலையும் வண்டிகள் கல்யாண மண்டபம் வரைக்கும் தேங்கி நின்றுவிடுகின்றன. இந்தக் கூட்டுரோட்டு சிக்னல் எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கெடுத்து, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பச்சை என்பதைப் புதிதாகப் பிரிக்கப் போகிறார்கள், அதற்குத்தான் ஆள் என்றாராம். சரோஜா அக்கா என் பெயரைச் சொல்லிவிட்டார். "வாய் தொறக்காது சார், ஆனா கணக்கு தப்பாது" என்று சொன்னதாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். உன் அப்பா போகச் சொன்னார். உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் நீயும் வேலைக்கு வந்தாய். நிழற்குடையின் இரும்புக் கம்பியில் என் பழைய புடவையைத் தூளியாகக் கட்டினேன். சார் அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு புகை அடிக்கிறது என்று சொல்லி, தூளியை ரோட்டை விட்டுத் தள்ளியிருந்த பின்பக்கக் கம்பிக்கு அவரே மாற்றிக் கட்டினார்.

வேலையை அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மெயின்ரோட்டை எண்ண டவுனிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஏரிக்கரை ரோடு எனக்கு. பச்சை விழுந்த உடனே எண்ணத் தொடங்கக் கூடாது. முன்னால் நிற்பவர்கள் கியர் போட்டுக் கிளம்பி வேகம் எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் போய்விடும், அது வீணாகப் போகிற நேரம். அதற்குப் பிறகு, மூட்டையின் வாயை அவிழ்த்துவிட்டால் ராகி கொட்டுகிற மாதிரி வண்டிகள் ஒரே சீராகப் போகும். சிவப்பில் காத்திருந்த கடைசி வண்டி கோட்டைத் தாண்டும் வரை அந்தச் சீரான ஓட்டத்தை எண்ண வேண்டும். அதுதான் அந்த ரோட்டின் முழு பலம். அந்த பலத்தில், சிக்னல் ஒரு சுற்று சுற்றும்போது பச்சை எவ்வளவு பங்கு எரிகிறதோ அவ்வளவு பங்குதான் நமக்குக் கிடைக்கும். அது அந்தப் பக்கம் தாங்குகிற அளவு. உண்மையில் எத்தனை வண்டி வருகிறது என்பதற்கு இன்னொரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பச்சையைப் பங்கு போடுவார்கள். நிறைய வருகிற பக்கத்துக்கு நிறைய, குறைவாக வருகிற பக்கத்துக்குக் குறைவு. இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. வீட்டில் குழம்பைப் பங்கு போடுவதும் இப்படித்தான்.

எல்லா வண்டியையும் காராக மாற்றி எழுத வேண்டும் என்பது மட்டும் வேடிக்கையாக இருந்தது. பைக் அரை கார். பஸ் மூன்று கார். மாட்டுவண்டிக்கு பஸ்ஸைவிட அதிகம், ஏனென்றால் அது மெதுவாகப் போய் வழியை அடைத்துக்கொள்ளும். சார் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எதையும் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று என்னவோ, உன் தூளியைப் பார்த்துக்கொண்டே, நடந்து போகிறவர்கள் எத்தனை கார் என்று கேட்டுவிட்டேன். டவுன்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அது நல்ல கேள்விங்க. ஆனா நடக்கிறவங்க இந்தத் தாள்ல இல்ல. அதுக்குத் தனியா சர்வே எடுக்கணும், அந்த வேலைய எங்களுக்குக் குடுக்கல" என்றார்.

எண்ணும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, கோட்டை மட்டும் பார்த்தால் போதும். நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்பேன். நீ விழித்தால் ஒரு கால் தூளியை ஆட்டும், கண் கோட்டை விட்டு நகராது. ஆனால் புல்லுக்கட்டு மொபெட் திரும்பிப் போன பிறகு இன்னொரு பைக் அதே இடத்தில் திரும்பியது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். பிறகு பால்கேன் கட்டிய வண்டி. பிறகு வரிசையாக. ஒருவர் எதிரே வருகிறவருக்குத் தன் தலையைத் தட்டிக் காட்டினார். அதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஹெல்மெட் பிடிக்கிறார்கள், திரும்பு என்று அர்த்தம். போலீஸ் எங்கே என்று நானும் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகுதான் குனிந்து என்னைப் பார்த்தேன். பளபளக்கும் பட்டை வைத்த ஆரஞ்சு ஜாக்கெட். தலையில் வெள்ளைத் தொப்பி. கையில் அட்டை, பேனா. எனக்குப் பின்னால் மூன்று காலில் நிற்கும் கேமரா. செக்கிங் நான்தான்.

சாரிடம் போய்ச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. அவர் மெயின்ரோட்டுப் பக்கம் நின்றிருந்தார். இரண்டு முறை பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது முறை அவரே என்ன என்று கேட்டார். "வண்டிங்க திரும்பிப் போவுதுங்க சார்" என்றேன். அவர் வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். நின்ற கொஞ்ச நேரத்திலேயே இன்னொருவர் திரும்பினார்.

"எங்க போறாங்க?"

"ஏரிக்கரை மேலயே சுத்திப் போயி, பாலத்தாண்ட மெயின்ரோட்டுல ஏறிக்குவாங்க."

"தினமும் இந்த வழியா வர்றவங்கதானா?"

"எல்லாம் எங்க ஊருங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நிற்கலாமா என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. ரோட்டில் நிற்கிறவர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும், போடாமல் நின்று உங்களை ஏதாவது வண்டி தட்டிவிட்டால் என்ன செய்வது என்றார். அப்படியானால் திரும்பிப் போகிறவர்களையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் எது தவறு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. "கோட்டைத் தாண்டாத வண்டிய எப்படிங்க எழுதறது? எத்தனை பேரு திரும்புனாங்க, எத்தனை பேரு வூட்டுலயே உக்காந்துட்டாங்கன்னு நாம ஊகிச்சு எழுதுனா அது சர்வேயே இல்ல. கடைசில குறிப்புன்னு ஒரு எடம் இருக்கு. அதுல நான் எழுதறேன்." அவர் சொன்னது நியாயம்தான். நான் போய் என் இடத்தில் நின்று, தாண்டியதை மட்டும் எழுதினேன். ஏரிக்கரை ரோட்டுத் தாளில் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. ஒவ்வொரு பச்சையிலும் பாதி நேரம் ரோடு காலியாகவே கிடந்தது.

அன்று சாயங்காலம் உன் அப்பா கோபத்தோடு வந்தார். அவர் அப்போது மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கிரானைட் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். சோறு போட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரே தொடங்கினார்.

"கூட்ரோட்ல பொம்பளப் போலீசு ஒண்ணு நிக்குது. தூரத்துலயே பாத்துட்டேன். வண்டியத் திருப்பி ஏரி மேல சுத்திப் போனா லேட்டு. மேஸ்திரி வாயில இருந்து ஒரு அரை மணி நேரம் கேட்டுக்கிட்டு நின்னேன்."

"தொப்பி போட்டிருந்துச்சா?"

"ஆமா. நின்ன நிலையப் பாத்தாலே தெரிஞ்சுது, காசு குடுத்தாலும் விடாது."

"பக்கத்துல தூளி கட்டியிருந்துச்சா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். அப்புறம் ஆணியில் தொங்கிய ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்தார். புரை ஏறும் வரை சிரித்தார். நான் தலையில் தட்டினேன், அப்போதும் சிரித்தார். "உன்னைப் பாத்தா நான் பயந்து ஓடுனேன்? நல்லவேளை, யாருகிட்டயும் சொல்லிடாத" என்றார். எண்ணும் வேலை முடிந்ததும் அவரே பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, கண்ணு. என்னைக் கண்டு கோழிகூட ஒதுங்கிப் போனதில்லை. முதல்முறையாக என்னைப் பார்த்து ஒரு ஊரே திரும்பிப் போயிருக்கிறது. அந்த நினைப்பு அன்று எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

நான் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், நீயும் அப்படி ஆகிவிடாமல் இருக்க. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் அம்மா" என்பது என் தொண்டையிலேயே நின்றுவிடும். டீச்சர் தலையைத் தூக்காமல் கூப்பிட்டுக்கொண்டே போவார். என் பெயர் வரும், போகும். வந்திருந்தும் வராதவளாக எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன். ஒரு நாள் டீச்சருக்கே சந்தேகம் வந்து, என் பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் வரலைன்னா கையையாவது தூக்கும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கை மேசைக்குக் கீழே இருந்தது. அதைத் தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். தூக்கவே இல்லை. பத்தாவது முடிந்ததும் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், வீட்டு வேலைக்கு நான் நின்றபோது, வகுப்பில் யாராவது என்னைத் தேடியிருப்பார்களா என்று யோசித்திருக்கிறேன். தேடுவதற்கு முதலில் இருந்ததாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

எண்ணும் வேலை முடிந்த அன்று ஜாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதை மட்டும் வாங்கவில்லை. கடைசி நாள் உன்னைத் தோளில் போட்டுத் தட்டும்போது நீ குடித்த ராகிக் கஞ்சி முழுவதையும் அதன் மேல் கக்கிவிட்டாய். சார் அதை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். துவைத்துத் துவைத்துக் கஞ்சிக் கறை போய்விட்டது. பிறகு அது உனக்கு மெத்தைக்கு மேல் விரிப்பாக இருந்தது. முற்றத்தில் காயப் போட்டால் காக்கா வடாம் பக்கம் வருவதில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் சிக்னலில் புது நேரம் வந்தது. மெயின்ரோட்டில் வண்டிகள் தேங்காமல் ஓடின. எல்லோரும் நல்ல வேலை என்றார்கள். நம் ஏரிக்கரை ரோட்டுக்கு முன்பு நாற்பதிலிருந்து இறங்கும் பச்சை எண் அன்று பதினைந்திலிருந்து இறங்கியது. முன்னால் நிற்கிற நான்கு வண்டிகள் கிளம்புவதற்குள் மஞ்சள் விழுந்துவிடுகிறது. சார் சொன்ன அந்த வீணாகப் போகிற நேரமே பாதிப் பச்சையைத் தின்றுவிடுகிறது, ராகி கொட்டத் தொடங்கும்போதே மூட்டையின் வாயைக் கட்டிவிடுகிறார்கள். வண்டிக்காரர்களாவது அடுத்த பச்சைக்கு நிற்பார்கள், இல்லை சிவப்பிலேயே பூந்து போய்விடுவார்கள். நடக்கிறவர்கள் மெயின்ரோட்டைக் கடப்பதும் அதே பச்சையில்தான். மெயின்ரோடு நிற்பது அப்போது மட்டும்தான். ரோடோ அகலம். கையில் பிள்ளையோடு பாதிக்கு மேல் போவதற்குள் எண் முடிந்துவிடுகிறது.

ஏன் இப்படி ஆனது என்பது ஊருக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. அன்று திரும்பிப் போனவர்களே டீக்கடையில் வந்து நின்று என்னைப் பேசினார்கள். சரோஜா அக்காவுக்குக்கூட, கடைக்கு முன்னால் வண்டி நிற்பது குறைந்துபோன எரிச்சல். "நல்லா எண்ணுனம்மா. ஊரையே கழிச்சு எழுதிட்டியே" என்றார். எனக்குப் பதில் தெரியும். நீங்கள்தானே திரும்பிப் போனீர்கள் என்று கேட்டால் போதும். கேட்க வரவில்லை. உன்னை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். உன் அப்பாதான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாம திரும்பி ஓடுனதுக்கு அவ என்னாங்க பண்ணுவா? அவ புருஷன், நானே ஓடுனேன்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையேதான் பேசினார்கள்.

உனக்கு அப்பா வாங்கி வந்த பீப்பி செருப்பு ஞாபகம் இருக்காது. சிவப்பு நிறம், மிதித்தால் கீச்கீச் என்று கத்தும். அதைப் போட்டுவிட்டால் இறங்கி நடக்கத்தான் அடம்பிடிப்பாய். தடுப்பூசிக்குப் போன அன்று உன்னைத் தூக்கிக்கொண்டுதான் கடந்தேன், ஆனால் செருப்பு காலில் இருந்தது. பாதி ரோட்டில் எண் முடிந்தது. நின்றிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. நடுவில் இருந்த மஞ்சள் கோட்டில் நின்றுவிட்டேன். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் போயின. அந்தக் காற்றில் என் முந்தானை ஒரு பக்கமும் மறு பக்கமும் அடித்துக்கொண்டது. ஒரு லாரி ஹாரன் அடித்தது. உன்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்து நீ டாட்டா காட்டினாய். துள்ளியதில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. லாரியின் பின்சக்கரம் அதன் மேல் ஏறியது. அத்தனை சத்தத்திலும் அது ஒரு முறை கீச்சென்றது எனக்குக் கேட்டது. நீ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அதைக் கொடு என்று கையை நீட்டினாய்.

அன்று மத்தியானம் சாருக்கு போன் செய்தேன். உன் அப்பா நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார், அவர் எதிரில் இருந்தால் நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் யார் என்று சொல்லவே திணறினேன். "தூளி கட்டுனவங்களா?" என்று அவரே கேட்டார். அவர் வேறு ஏதோ மாவட்டத்தில் இன்னொரு சிக்னலை எண்ணிக்கொண்டிருந்தார், பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. திரும்பிப் போனவர்களைப் பற்றி எழுதினீர்களா என்று கேட்டேன். "எழுதுனேங்க. கடைசிப் பக்கத்துல ஒரு வரி. அதுவரைக்கும் யாரும் வந்து படிச்ச மாதிரி தெரியல." மறுபடியும் எண்ணுவீர்களா என்றேன். ஆர்டர் வந்தால் வருவேன் என்றார். "வந்தாலும் அதே ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டுத்தானே நிக்கணும்" என்றார். பிறகு அவர், நடக்கிறவர்களுக்குத் தனியாகப் பச்சை கேட்டு மனு கொடுங்கள், நடுவில் நிற்க ஒரு திட்டாவது கட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொன்னார். கடைசியாக, பையனை எப்போதும் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டே கடங்கள் என்றார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

மனுவை நான் எழுதினேன், அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். பதில் வந்தது. அந்தச் சாலைக்கு, எடுக்கப்பட்ட ஆய்வின்படி போதுமான நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. அந்த ஆய்வு என் கையால் எழுதியது. வேறு யாராவது எழுதியிருந்தால் பொய் என்று சொல்லியிருப்பேன். அதில் ஒரு கோடுகூடப் பொய் இல்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

இப்போது உன் அப்பாவும் இங்கே இல்லை. பட்டறையில் வேலை குறைந்துபோனதால் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவார். இங்கே இருந்தவரை, பால்வாடியில் உன்னை எடை போடுகிற நாளில் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, பைக்கில் வைத்து நம்மை அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போவார். பைக்கில் இருந்தால் நாம் மூன்று பேரும் சேர்ந்து அரை கார். ஓசூரில் ஹெல்மெட் இல்லாமல் கம்பெனி கேட்டுக்குள் விட மாட்டார்கள் என்று போவதற்கு முன்னால் ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார், நீ அலறி அழுதாய். அன்று அவர் தலையில் அது இருந்திருந்தால் கோட்டைத் தாண்டி வந்திருப்பார், நானும் எழுதியிருப்பேன். ஊரில் எல்லோர் தலையிலும் இருந்திருந்தால் இன்று நம் பக்கம் பச்சை இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கும். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது அவரே உன் தலையைத் தடவிவிட்டு, "பாத்து கிராஸ் பண்ணு" என்று மட்டும் சொன்னார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, எண் இறங்குவது நன்றாகத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும். நான் உனக்கு என்ன சொல்வது? ஹெல்மெட் போடு. அதைச் சொல்லலாம். தூரத்தில் யாராவது அட்டையோடு நின்றால், யார், எதற்கு என்று கேட்காமல் வண்டியைத் திருப்பாதே. உன் பெயரைக் கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல், சத்தமாகச் சொல். இதெல்லாம் நான் செய்யாதவை, செய்யச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. அதோடு, இவற்றையெல்லாம் செய்தால் ரோட்டைக் கடந்துவிடலாம் என்றும் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. நான் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நின்று கேட்டார். குறிப்பு எழுதினார். மனு எழுதினோம், பதிலும் வந்தது. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அப்படியும் பச்சை பதினைந்தில்தான் நிற்கிறது. நீ படித்துப் பெரியவனாகி, இதில் எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடித்தால், எனக்கும் புரிகிற மாதிரிச் சொல். நான் அப்போது கிழவியாக இருக்க மாட்டேன், கேட்டுக்கொள்வேன்.

இன்று காலை பால்வாடியில் எடை போடுகிற நாள். அப்பா போன பிறகு முதல் தடவை. உனக்கு மிஞ்சியிருந்த ஒற்றைச் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு உன்னைத் தூக்கிக்கொண்டேன். கதவைப் பூட்டும்போது முற்றத்துக் கொடியில் ஆரஞ்சு ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. பூட்டியவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதை எடுத்துப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன். நீ அதன் பளபளக்கும் பட்டையை வாயில் வைத்துச் சப்பினாய்.

கூட்டுரோட்டில் சரோஜா அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மறுபடியும் எண்ண வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பச்சை விழுந்தது. பதினைந்து, பதினான்கு என்று இறங்கத் தொடங்கியது. இறங்கி நடந்தேன். மெயின்ரோட்டில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. காது சூடானது. மஞ்சள் கோட்டுக்கு வந்தபோது எண் முடிந்து சிவப்பு விழுந்தது. வண்டிகள் உறுமின. உன்னை இடது இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.